மேட்டுக்கு வாடகை

மாதம் 5,000 ரூபாய் என்பது பெரிய தொகையா, சிறிய தொகையா? சம்பளம் வந்த அன்று கேட்டால் ஒரு பதில் சொல்வீர்கள். 25-ம் தேதி கேட்டால் வேறு பதில் சொல்வீர்கள். 2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் காலைக் காப்பியிலிருந்து இராத்திரிச் சாப்பாடு வரை இந்தக் கேள்விதான் பரிமாறப்பட்டது.

விஷயம் இதுதான். விழுப்புரத்தில் நாங்கள் ஆறு வருஷமாகக் குடியிருந்த வீட்டுக்கு வாடகை 6,500. தரை வீடு. முன்னால் ஓர் அறை. அதில் என் தையல் மிஷின். பின்னால் ஒரு முருங்கை மரம். புதிதாகப் பார்த்து வைத்திருந்த வீடு, ஒரு பிளாட், இரண்டாவது மாடி. வாடகை 11,000; பராமரிப்புக்கு என்று தனியாக 500. முருங்கை மரம் கிடையாது. ஆனால் பத்திரமான வீடு.

பத்திரம் என்றதும் திருடன் பயம் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் தெருவுக்குத் திருடன் வந்தால் அவன்தான் ஏமாந்து போவான். எங்களுக்குப் பயம் தண்ணீர்.

பெஞ்சல் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெயர் வைத்தது சவூதி அரேபியாவாம். மழை பெய்தது எங்கள் தலையில். 2024 நவம்பர் 30-ம் தேதி, சனிக்கிழமை இரவு, புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிய அந்தப் புயல், வந்த விருந்தாளி திண்ணையிலேயே படுத்துவிட்ட மாதிரி, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற மயிலத்தில் சுமார் 50 செ.மீ. இந்த ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையில் ஏறத்தாழப் பாதி அது! 50 செ.மீ. என்றால் ஒரு முழத்துக்கு மேல். விழுந்த இடத்திலேயே மழை நின்றுவிட்டால் ஊருக்கெல்லாம் முழங்கால் தண்ணீரோடு போய்விடும். ஆனால் தண்ணீர் நிற்கிறதா? பள்ளம் தேடி அல்லவா ஓடுகிறது! எங்கள் தெரு பள்ளம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கண் விழித்தபோது என் செருப்பு கட்டிலுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கெல்லாம் இடுப்பளவு. எதிர் வீடு மாடி வீடு; பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய தம்பியும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து என் மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கித் தெருவைக் கடந்தார்கள். நானும் என் மகளும் பின்னால் போனோம். திரும்பிப் பார்த்தேன். பிரிட்ஜ் சாய்ந்து, கதவு திறந்து, மிதந்து கொண்டிருந்தது.

அந்தப் பிரிட்ஜின் கதவில்தான் என் மாமியாரின் இன்சுலின் புட்டிகள் இரண்டு இருந்தன.

மின்சாரம் இல்லை. மருந்துக் கடை எதுவும் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே வெள்ளம் ரயில் பாலத்தை எட்டிவிட்டதென்று ரயில்களை நிறுத்தினார்கள். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டதில் தென்பெண்ணை கரை புரண்டு, அரசூர் பக்கம் நெடுஞ்சாலையும் நின்றுவிட்டது. வடக்கே ரயில் இல்லை, தெற்கே ரோடு இல்லை, நடுவிலே நாங்கள். ஒன்றரை நாள் ஊசி போடாமல் மாமியார் அந்த மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை மத்தியானம் ஆசிரியையின் தம்பி மார்பளவு தண்ணீரில் நடந்து போய் எங்கிருந்தோ ஒரு புட்டியைப் பையில் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு நான் எத்தனை சட்டை தைத்துக் கொடுத்தாலும் தீராது.

(வீட்டில் ஊசி போடுகிறவர்கள் இருந்தால் ஒரு சங்கதி தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பதற வேண்டாம். மண் சட்டியில் ஈர மணலைப் பரப்பி, புட்டியைத் தண்ணீர் படாமல் சின்ன டப்பாவில் மூடி, அதன் நடுவில் புதைத்து நிழலில் வைக்கலாம். வெள்ளத்தில் முழுகிய புட்டியை மட்டும் மறுபடி தொடாதீர்கள்.)

தண்ணீர் வடிந்தது. கணக்குப் பார்க்கும் வேளை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் கணக்கில் புலி. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். பிரிட்ஜ் 16,000. மெத்தை இரண்டு 7,000. கிரைண்டர் மோட்டார் 2,800. தையல் மிஷின் மோட்டார் 1,900. அரிசி மூட்டை 1,500. கீழ்த்தொட்டியைக் கழுவ ஆள்கூலி 1,500. தைக்கக் கொடுத்திருந்தவர்களின் ரவிக்கைத் துணிகளுக்கும் ஒரு பட்டுப் புடவைக்குமாக நான் ஈடு கொடுத்தது 6,500. மொத்தம் 37,200. ரேஷன் கார்டுக்கு சர்க்கார் கொடுத்த நிவாரணம் 2,000 போக, 35,200.

"இந்த மாதிரி மழை ஐம்பது வருஷத்துக்கு ஒரு தரம் வர்றது. 35,200-ஐ ஐயாயிரத்தால வகுத்துப் பாரு. ஏழு மாச வாடகை வித்தியாசம்தான். எட்டாவது மாசத்திலேருந்து நமக்கு நஷ்டம்" என்றார்.

கணக்கு சரிதான். ஆனால் எங்கள் வாசற்படி அந்தக் கணக்கைப் படித்ததில்லை. ஆறு வருஷத்தில் நான்கு ஐப்பசிகளில் தண்ணீர் அதைத் தாண்டி வந்திருக்கிறது. இடுப்பளவு இல்லை, கணுக்கால் அளவுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அரிசி பரணுக்கு ஏறும், மகளின் புத்தகம் பீரோ உச்சிக்கு ஏறும், நான் ராத்திரி முழுவதும் டார்ச் விளக்கோடு வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன்.

"ஏங்க, உங்க கணக்குல அத்தை எந்த வரியில வர்றாங்க?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சாமான்களுக்கு இன்ஷூரன்ஸ் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம், செய்ய வேண்டியதுதான். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று, எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு பாலிசி வந்திருக்கிறது. வெள்ளமும் அதில் அடக்கம். குடக்கூலிக்காரர்களும் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது பிரிட்ஜுக்குத்தான் பணம் கொடுக்கும்; பிரிட்ஜுக்குள் இருந்த புட்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுக்காது.

ஆகவே வீடு பார்க்கப் புறப்பட்டோம். வீடு பார்க்கச் சிறந்த காலம் எது தெரியுமா? வெள்ளம் வடிந்த பத்தாம் நாள். அப்போது சுவர்கள் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பழுப்பாக ஒரு கோடு நேராக ஓடும். பொங்கலுக்குள் வீட்டுக்காரர்கள் அதன்மேல் வெள்ளையடித்து விடுவார்கள். அதற்கு முன்னே போய்விட வேண்டும். வெள்ளையடித்த பிறகு போனால் வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், புரோக்கரையும் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரையோ பூ விற்கிற அம்மாளையோ கேளுங்கள். "வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டால் போதும். மேடு எது, பள்ளம் எது என்று அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

பெயரையும் கவனிக்க வேண்டும். ஏரி, தாங்கல், குளம், பள்ளம் என்று முடிகிற பெயர்களை நம் பெரியவர்கள் வேடிக்கைக்கு வைக்கவில்லை. இப்போது அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு 'நகர்' என்றும் 'கார்டன்' என்றும் வைக்கிறோம். தண்ணீருக்குத்தான் புதுப் பெயர் தெரிவதில்லை. எங்கள் ஊர்ப் புதிய பேருந்து நிலையமே ஏரி இருந்த இடத்தில் எழுந்ததுதான் என்று ஊரார் சொல்வார்கள். பெருமழை வந்தால் பஸ்கள் நீந்துகிற கோலத்தைப் பார்த்தவர்கள் அதற்கு வேறு சாட்சி கேட்க மாட்டார்கள். சென்னைப் பட்டணம் மட்டும் என்ன வாழ்ந்தது? தியாகராய நகர் 1920-களில் ஏரியை வடித்துவிட்டு எழுப்பிய பேட்டைதானே! 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அங்கே வீடு தேடுகிறவர்கள், "தண்ணீர் வருமா?" என்று குழாயைக் கேட்பதில்லை, "2015-ல் தண்ணீர் வந்ததா?" என்று தெருவைக் கேட்கிறார்கள்.

முதலில் பார்த்த பிளாட் கண்ணைப் பறித்தது. பளபளவென்று டைல்ஸ், வாசலில் யார் நிற்கிறார் என்று உள்ளேயிருந்தே பார்க்கக் காமிரா! மகளுக்கு ஒரே ஆசை. நான் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். மீட்டர் பெட்டிகள் எல்லாம் முழங்கால் உயரத்தில் வரிசையாக இருந்தன. பழுப்புக் கோடு அவற்றுக்கு மேலே ஓடியது. மோட்டார் அறையில் இன்னும் சேறு. அதாவது மழை வந்தால் மாடியில் இருப்பவர்கள் நனையமாட்டார்கள், அவ்வளவுதான். விளக்கு எரியாது, குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது, ஊசி மருந்து இருக்கிற பிரிட்ஜும் ஓடாது. உயரம் வேறு, மேடு வேறு என்று அங்கேதான் எனக்கு விளங்கிற்று. மாடிக்கு மட்டும் வாடகை கொடுத்தால் போதாது. மேட்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது கட்டடம் பழையது. பெயிண்ட் உரிந்து, படிக்கட்டு குறுகலாக இருந்தது. ஆனால் ரோட்டை ஒட்டிய மேட்டில் நின்றது. கீழ்த்தொட்டியின் வாயை இரண்டடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். மீட்டர் பெட்டிகள் மார்பளவு உயரத்தில். அன்றைக்குத் தண்ணீர் கேட் வரை வந்து திரும்பிப் போய்விட்டது என்று கீழே இளநீர் விற்கிறவர் சொன்னார். கட்டடத்துக்காரர் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்டார். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிற வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வீட்டுக்காரர் இதை மெதுவாக எடுத்துச் சொன்னார். கட்டடத்துக்காரர் இன்னும் மெதுவாகச் சிரித்தார். ஐந்து மாதத்தில் வந்து நின்றது.

கைக்கு எட்டாத தொகை என்று எனக்கே தோன்றியது. அப்போதுதான், "திண்டிவனத்துக்கே போய்விட்டால் என்ன?" என்று யோசனை பிறந்தது. வீட்டுக்காரருக்கு வேலை அங்கேதான்; தினமும் போய் வருகிறார். என் அக்காவும் அங்கேதான் இருக்கிறாள். வாடகையும் கொஞ்சம் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் புறப்பட்டோம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம்: வழி நெடுக வயல்களில் தண்ணீர் இன்னும் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

அக்கா வீட்டுச் சுவரிலும் கோடு! கிடங்கல் ஏரி நிரம்பி வழிந்து குடியிருப்புகளுக்குள் புகுந்ததில் அவர்கள் தெருவும் தப்பவில்லை. சங்க காலத்தில் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாட்டில் கிடங்கில் ஒரு பெரிய ஊர். சிறுபாணாற்றுப்படையில் அதன் பெயர் வருகிறது. அவ்வளவு பழைய ஊர்! ஏரியோடு எப்படி வாழ்வது என்று அந்தக் காலத்து ஜனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே வீடு கட்டக்கூடாது என்றாவது தெரிந்திருக்கும்.

"இங்க வந்தா மட்டும் என்னடி? அங்க ஒரு தண்ணி, இங்க ஒரு தண்ணி. எனக்குப் பக்கத்துல நீ இருந்தா சந்தோஷம்தான். ஆனா நீயும் நானும் சேந்து மாடி ஏறி நிக்கணும்னா வா" என்றாள் அக்கா. அவள் கணவர் ஊரின் மேட்டுப் பக்கத்தில் இரண்டு வீடு காட்டினார். வாடகை ஒன்றும் மலிவாக இல்லை. மேடு எங்கே இருந்தாலும் அதன் விலை ஒன்றுதான் போலிருக்கிறது! மகளுக்கு விழுப்புரத்தில் கல்லூரி. இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. திரும்பி வந்துவிட்டோம்.

என் சங்கடம் இன்னொன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. தையலில் எனக்கு மாதம் 7,000 வரை வரும். தரை வீட்டு முன்னறை என்பதால்தான் வரும். மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்த்து, "அக்கா, ரவிக்கை ஆயிடுச்சா?" என்பார்கள். இரண்டு மாடி ஏறி யார் ரவிக்கை கேட்பார்கள்? ஆக வித்தியாசம் 5,000 இல்லை; 12,000. ஒரு பெண்ணின் வருமானம் வீட்டு அமைப்போடு எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது, பாருங்கள். பிளாட் கட்டுகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் விடுகிறார்கள். மிஷின் போட இடம் விடுவதில்லை.

மாமியார் இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. முழங்கால் வலிக்காரர். ஒரே ஒரு தடவை மட்டும், "மேலே ஏத்தி வெச்சிட்டீங்கன்னா அப்புறம் நான் கீழே எறங்கறது கடைசியா ஒரு தரந்தான்" என்றார். அதைக் கேட்டு வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. திண்ணை, பக்கத்து வீட்டுப் பாட்டி, தெருமுனைப் பிள்ளையார் என்று அவருடைய உலகமே இருபது அடிக்குள் அடக்கம். அதை எடுத்துவிட்டுப் பத்திரத்தைக் கொடுப்பது நியாயமா? அன்று இரவு எனக்கே ஐயாயிரம் பெரிதாகத் தெரியவில்லை. அந்த இருபது அடிதான் பெரிதாகத் தெரிந்தது. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் காலை அவரே, "அந்த வூட்டை ஒரு தரம் பாக்கணும்" என்றார். ஆட்டோவில் அழைத்துப் போனோம். முப்பத்தாறு படிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து, இருபது நிமிஷத்தில் ஏறினார். கூடத்தைப் பார்க்கவில்லை, பால்கனியைப் பார்க்கவில்லை. சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஊசி மருந்தை எங்கம்மா வெப்பே?" என்று என்னைக் கேட்டார்.

அந்த ஒன்றரை நாளைப் பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிரிட்ஜ் வைக்கும் இடத்தைக் காட்டினேன். அங்கே பிளக் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார். "சரி" என்றார். என் வீட்டுக்காரர் அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். காலண்டர் தாளைக் காணோம்.

பணத்துக்கு என்ன செய்தோம் என்றுதானே கேட்கிறீர்கள்? மகள் நகைக்கென்று மாதம் 3,000 கட்டிவந்த சீட்டை, முடிந்ததும் மறுபடி சேராமல் விட்டோம். "நகை இருந்தாலும் தண்ணியிலதானேம்மா முழுகும்" என்று அவளே சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் திண்டிவனத்துக்கு மோட்டார் சைக்கிளில் போவதை நிறுத்தி ரயில் சீஸன் டிக்கெட் வாங்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் பான்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறார். அதில் ஒரு மூலையை மாதம் 1,200-க்கு வாங்கிக்கொண்டு, பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அங்கே மிஷினோடு உட்காருகிறேன். வளையல் வாங்க வருகிறவர்கள் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பழைய வருமானத்தில் முக்கால் பங்கு வருகிறது. மாதக் கடைசியில் இன்னும் இழுபறிதான். மாமியார் பால்கனியில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற பஸ்களையெல்லாம் ஊர் பெயரோடு தெரிந்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டியைக் காணாமல் ஏங்குவதும் உண்டு.

2025 தை மாதம் பழைய வீட்டைக் காலி செய்தோம். சாமான்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே புதுக் குடித்தனம் பார்க்க வந்துவிட்டது. லாரி ஷெட்டில் வேலை பார்க்கிற பையன். இடுப்பில் குழந்தையோடு அவன் மனைவி. சுவரில் புது வெள்ளை மினுமினுத்தது. "மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வராது" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "தண்ணி வருமாக்கா?" என்றாள்.

"வரும்" என்றேன். சுவரில் கையை வைத்து, எதுவரை என்று காட்டினேன். வீட்டுக்காரர் முகம் சிவந்தது. என் அட்வான்ஸில் வெள்ளையடித்த செலவென்று 3,000 ரூபாய் பிடித்துக்கொண்டது அதன் பலன்தான்.

பையன் சுவரைப் பார்த்தான், பரணைப் பார்த்தான், கையால் உயரத்தை அளந்தான். "ஐந்நூறு குறைச்சுக்குங்க" என்றான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "நம்மகிட்ட பிரிட்ஜ் ஏது?" என்றான். 6,000 ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டார்கள்.

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். எதிர் வீட்டு ஆசிரியையிடம் சொல்லி வைத்தேன். தெருக்கோடியில் ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. அதன் சுவரில் இரண்டாவது வரிசைக் கல் முழுகினால், வீட்டுக்குள் தண்ணீர் வர அரை மணி நேரம் ஆகும். அதற்குள் குழந்தையோடு எதிர் வீட்டு மாடிக்குப் போய்விட வேண்டும் என்றேன். அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அந்தக் கல்லைப் பார்க்க என்னோடு தெருக்கோடி வரை நடந்து வந்தாள்.